வெள்ளைக்கண் ஈ

ஈயைப் பற்றியா மலருக்குக் கட்டுரை என்று அன்பர்கள் நகைக்கலாம். மாம்பழக் காலத்தில் நம் தில்லி வீடுகளில் பழத்தோலை மொய்க்குமே, அந்தச் சின்னஞ்சிறு ஈயைப் பற்றித்தான்.

மத்திய அரசில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வராது. சாலை விளக்கில் மேலது எரிகிறதா, கீழது எரிகிறதா என்று பார்த்தே கடப்பேன். இருபத்திரண்டாம் வயதில், ஒரு வேலைக்கான மருத்துவச் சோதனையில், வண்ணப் புள்ளிகளுக்கிடையே ஒளிந்திருந்த எண்ணைப் படிக்க முடியாமல் வீடு திரும்பினேன். அம்மா அழுதாள், வேலை போனதற்காக அன்று. 1980 பிப்ரவரி 16ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது, என்னை வயிற்றில் சுமந்தவள் கொல்லைப்புறம் சென்றுவிட்டாளாம். அந்தக் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். ஊரில் என் தாய்மாமன் பழுத்த மிளகாயையும் பச்சையையும் கலந்து பறிப்பதைக் கவனமின்மை என்றே யாவரும் ஏசினார்கள். இரண்டையும் எவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

விலங்கியல் பயிலும் என் மகள் சென்ற மாதம் ஒரு கதை சொன்னாள். 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தாமஸ் ஹன்ட் மார்கன் வளர்த்த செங்கண் ஈக்களிடையே வெள்ளைக்கண் ஆண் ஒன்று தோன்றிற்று. திடீர் மாற்றம். அதைச் செங்கண் பெண்களுடன் சேர்த்தார். பிறந்தவை ஏறத்தாழ அனைத்தும் செங்கண்ணே. பேரப்பிள்ளைகளிலோ வெள்ளைக்கண் 782, அத்தனையும் ஆண்! பெண்கள் 2,459ம் செங்கண்.

இம்மாற்றத்தைச் சுமப்பது எக்ஸ் என்னும் குரோமோசோம். பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். இரண்டும் பழுதானால்தான் பெண்ணுக்கும் வெள்ளைக்கண். ஆணுக்கு ஒன்றே, அதுவும் தாய் தந்தது.

"நம்ம நிறக்குருடும் இதே வழிதான், அப்பா" என்று தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மாமனும் நானும் கருஞ்சதுரங்கள். பாட்டியும் அம்மாவும் நடுவே புள்ளியிட்ட வட்டங்கள். பின்பு, தந்தையின் ஒரே எக்ஸ் மகள்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தே தீரும் என்று சொல்லிக்கொண்டே, தன் வட்டத்திலும் ஒரு புள்ளி வைத்தாள். "எனக்குப் பையன் பிறந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றாள், தேர்வில் விடை கூறுபவள் போல. எனக்குப் பேச்சு எழவில்லை.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். "அம்மா, அது கிரகணத்தால வந்தது இல்லை" என்று தொடங்கி, ஈயின் கதை முழுவதையும் கூறினேன். சற்று நேரம் மறுமுனையில் அரவமில்லை. பின்னர் கேட்டாள்: "அப்போ நம்ம குழந்தைகிட்டயும் அது இருக்கா?"

"அவ கண்ணு நல்லாத் தெரியுதும்மா" என்றேன்.