கௌதாரிக்கு லைசென்ஸ் கேட்பவர்களுக்கு

வனவராக இருந்து ஓய்வு பெற்று நாகல் நகருக்குக் குடிவந்த நாளிலிருந்து ஊர்க்காரர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “கௌதாரி சுட லைசென்ஸ் எந்த ஆபீஸ்ல சார் தர்றாங்க?” கேட்பவர்கள் போக்கிரிகள் இல்லை. கையில் போன் இருக்கிறது, அதில் அமெரிக்காக்காரன் வாத்து சுடுகிறான். அங்கே 1934 முதல் வாத்து வேட்டைக்குப் போகிறவன் அரசாங்கத்திடம் வருஷா வருஷம் ஸ்டாம்ப் வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் ஆகஸ்ட் 12 பிறந்தால் க்ரவுஸ் வேட்டை, டிசம்பர் 10 வந்தால் நிறுத்தம். இதையெல்லாம் பார்த்தவர்கள் நம் ஊரிலும் ஒரு ஃபாரம் இருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை.

இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் சிறு வேட்டைக்கென்றே தனி உரிமம் வைத்திருந்தார்கள். கௌதாரி, காடை, உள்ளான் எல்லாம் அன்று நான்காம் அட்டவணை. வண்டியில் உட்கார்ந்து சுடக்கூடாது, தடைக்காலத்தில் தொடக்கூடாது, விஷம் வைக்கக்கூடாது. அடித்ததைப் பதிவேட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும். 1991 அக்டோபர் 2-ஆம் தேதி வந்த திருத்தம் இத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டது. இன்று மிச்சம் இருப்பது 11-ஆம் பிரிவும் 12-ஆம் பிரிவும்தான். அவை ஞாயிற்றுக்கிழமை குழம்புக்காக எழுதப்பட்டவை அல்ல.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக வரும். “ஏர்கன்னுக்கு லைசென்சே வேண்டாமே சார்?” 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை, சரிதான். அது துப்பாக்கிக்கான பேச்சு, புறாவுக்கான பேச்சு இல்லை. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் வாங்கியவரும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார். கலெக்டர் ஆபீசில் கொடுத்த காகிதம் தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொள்ள விடும், காடையைச் சுட விடாது. சுடவே வேண்டாம், குறி பார்த்தாலே போதும். சட்டத்தில் வேட்டை என்றால் முயற்சியும் சேர்ந்ததுதான். கண்ணி வைப்பதும் வேட்டை, கூட்டைக் கலைத்து முட்டை எடுப்பதும் வேட்டை.

ஊர்க்காரர்களை விடுங்கள். நான் பணியில் இருந்தபோது ஒரு மேலதிகாரி, “கௌதாரிக்கெல்லாம் ஒரு கேஸா? யானை, சிறுத்தைன்னு ஏதாவது இருந்தா சொல்லு” என்றார். யானை கேசில் என்ன கஷ்டம்? யானையை யானை இல்லை என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. பறவை கேஸ்தான் நம் தொழிலைச் சோதிக்கும். மஞ்சள் தடவி, நெருப்பில் வாட்டி, பாத்திரத்தில் கிடக்கிற ஒரு கைப்பிடிச் சதையை வைத்துக்கொண்டு, இது பண்ணைக் காடையா காட்டுப் பறவையா என்று சொல்ல வேண்டும். எதிரே நிற்கிறவர் பாக்கெட்டில் பண்ணை பில் தயாராக இருக்கும். நெடுஞ்சாலை ஓட்டல்களில் காடை ரோஸ்ட் ஓட ஆரம்பித்த பிறகு, காட்டில் பிடித்தது அத்தனையும் அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வனக்காவலர். எங்கள் துறையில் அதற்குக் கீழே பதவி கிடையாது. வயதில் என் அப்பாவை ஒத்தவர், என்னை “சார்” என்பார். நான் அவரை “அண்ணே” என்பேன், அது சில பேருக்குப் பிடிக்காது. இளவட்டத்தில் லைசென்ஸ்காரர்களுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தவர். உள்ளான் எந்த மாதம் வந்து இறங்கும், எந்தச் சேற்றில் அலகு குத்தும் என்று தூக்கத்திலும் சொல்வார்.

நான் முதன்முதலில் உரித்த பறவையைக் கையில் வைத்துக்கொண்டு திணறியபோது அவர் சொன்னது: “எறகு போனா என்ன சார், காலு இருக்குல்ல?” கௌதாரிக் காலில் மங்கின சிவப்பு இருக்கும். சேவலுக்குக் குதிமுள் இருக்கும், பெருவிரலால் தடவினாலே குத்தும். பண்ணைக் காடைக்கு அந்த முள் ஏது? அப்புறம் நகம். கம்பிக் கூண்டில் வளர்ந்தது மண்ணைச் சீய்த்திருக்காது, நகம் நீண்டு சுத்தமாக இருக்கும். காட்டுப் பறவையின் நகம் தேய்ந்து மழுங்கி, இடுக்கில் செம்மண் ஒட்டியிருக்கும்.

அதோடு விடமாட்டார். கழுத்துக்குக் கீழே இரைப்பையைப் பிளேடால் கீறி உள்ளங்கையில் கொட்டுவார். புல் விதை, கரையான், எறும்பு, ஒரு முறை முழுசாக ஒரு வண்டு. பண்ணைப் பறவைக்குள் மாவுத் தீவனமும் மக்காச்சோளக் குருணையும்தான் இருக்கும். “இது எந்தப் பண்ணைலப்பா கரையான் போட்டு வளக்குறான்?” என்று அவர் கேட்டதும் எதிரில் நின்றவர் வாயைத் திறக்கவில்லை. இரைப்பை போய்விட்டால் எடை. நாமக்கல் பக்கம் வளர்க்கிற ஜப்பானியக் காடை ஐந்து வாரத்தில் 200 கிராமை எட்டும். நம் காட்டுக் காடை எத்தனை வயசானாலும் 100 கிராமுக்குள். தோலுக்கடியில் கழுத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தால் கண்ணி. ஈயக்குண்டு பட்டதென்றால் விரலில் தட்டுப்படும்.

கண்ணியைப் பார்த்தே யார் வைத்தது என்றும் சொல்வார். குதிரைவால் மயிர் என்றால் நரிக்குறவர். பழக்கின கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள். தன் எல்லைக்குள் இன்னொரு சேவலா என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடிவந்து மாட்டும். அந்தக் கௌதாரியைப் பழக்குவதற்கே தனிப் பொறுமை வேண்டும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த பிழைப்பைச் சட்டம் ஒரு நாளில் குற்றமாக்கியது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆயிற்று. இப்போது நைலான் நரம்பு, நெற்றி டார்ச், போனில் பதிவுசெய்த கௌதாரிக் குரல். மாட்டுகிறவன் என்னவோ இன்றும் மணிமாலை விற்கிறவன்தான். காரில் ஏர்கன்னோடு வருகிறவனுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்துவிடும்.

இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள். பிடித்ததும் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுகிறார்கள், மகஜர் அப்புறம் எழுதிக்கொள்ளலாமாம். அடையாளம் கேட்டால், “டி.என்.ஏ. அனுப்பிக்கலாம் சார்.” அனுப்பு, வேண்டாம் என்று யார் சொன்னது? வண்டலூரில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. இருக்கிறது. ஆனால் சதைத் துண்டை ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆல்கஹாலில் போட வேண்டும் என்பதைக் கூட நான் சொல்ல வேண்டியிருந்தது. அறிக்கை வருகிறவரை வழக்கைத் தாங்கப்போவது அந்த இடத்தில் சாட்சி முன்னால் எழுதிய நாலு வரிதான்: கால் நிறம், முள், நகம், இரைப்பையில் இருந்தது. 57-ஆம் பிரிவு நமக்குச் சாதகம், நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையில். ஆனால் அவன் கையில் இருந்தது காட்டுப் பறவை என்று முதலில் நாம் காட்டினால்தானே அந்தப் பிரிவுக்கு வேலை?

சமீபத்தில் ஒரு பையன் தான் எழுதிய குற்ற அறிக்கையைப் பார்த்துத் தரச் சொல்லி வீட்டுக்கு வந்தான். கையெழுத்து அழகு. கௌதாரிக்கு நேரே “நான்காம் அட்டவணை” என்று எழுதியிருந்தான். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு அட்டவணை நாலாகிவிட்டது. கௌதாரி இப்போது இரண்டாவதில். நான்காவது, வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கையில் வருகிற உயிரினங்களுக்கு. அபராத உச்சவரம்பும் 25,000-லிருந்து ஒரு லட்சமாகிவிட்டது, காம்பவுண்ட் செய்யும் தொகையின் வரம்பு ஐந்து லட்சம் வரை போயிருக்கிறது. பழைய காகிதத்தைப் பார்த்துக் காப்பி அடித்ததன் விளைவு. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அடித்துத் திருத்திக் கொடுத்தேன். “இரைப்பையில என்னப்பா இருந்துச்சு?” என்று கேட்டேன். அதை ஓட்டல்காரரே கழுவிப் போட்டுவிட்டாராம். கால்? போட்டோவில் விழவில்லையாம்.