அன்பு என்றால் வாயை மூடிக்கொள்வதா?

"கிறிஸ்தவன்னா அன்பா இருக்கணும் தம்பி." சின்ன வயசிலிருந்து கேட்டுக்கேட்டுப் புளித்துப்போன வாக்கியம். கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். இந்த அறிவுரை எப்போதும் கேள்வி கேட்டவனுக்குத்தான். அநியாயம் செய்கிறவரிடம் போய் யாரும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை!

அதனால்தான் மார்ட்டின் லூதர் கிங்கை எனக்குப் பிடிக்கும். எல்லோரும் அவருடைய 1963 வாஷிங்டன் பேச்சைச் சொல்வார்கள். எனக்கு 1956 ஜனவரி 30 இரவு.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரம். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பர் 1 அன்று கைதானார். 5-ஆம் தேதியிலிருந்து கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். தலைமை, 26 வயசு பாஸ்டர் கிங்.

ஜனவரி 30 அன்று அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டு வராந்தாவில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டா, மூணு மாசம்கூட ஆகாத குழந்தை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அவர் ஓடிவந்தபோது வாசலில் கொதித்துப்போன கூட்டம், சிலர் கையில் ஆயுதம். மேயர் கெய்லும் அங்கே வந்திருந்தார். கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்று வெள்ளையர்கள் நடத்திய அமைப்பில் அதே மாதம் சேர்ந்தவர் அவர். கிங் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் ரத்தம்தான். அவரோ, ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பகைவரையும் நேசிக்கணும் என்றார். கூட்டம் கலைந்தது.

நம்மவர்கள் இந்த இடத்தில் ஆமென் போட்டு முடித்துவிடுவார்கள். கதை முடியலைங்க. இரண்டே நாளில், பிப்ரவரி 1 அன்று, கறுப்பினப் பெண்கள் சிலர் சார்பில் வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே கோர்ட்டுக்குப் போனார். எதிர்க்கட்சிக்காரர் யார் தெரியுமா? அதே மேயர் கெய்ல்! ஜனங்களும் பஸ் ஏறாமல் 381 நாள் தாக்குப்பிடித்தார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. டிசம்பர் 21 முதல் யாரும் எங்கேயும் உட்காரலாம்.

ஆக, நேசமும் உண்டு, வழக்கும் உண்டு. ஒன்று இன்னொன்றுக்கு எதிரி இல்லை.

கிங்குக்கும் இது பிறவிக்குணம் இல்லை. குண்டு வெடித்த பிறகு துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தவர்தான் (கிடைக்கவில்லை). பிற்பாடு 'அகாபே' என்ற கிரேக்கச் சொல்லை வைத்து அவர் விளக்கினார்: எதிரியை நமக்குப் பிடிக்கணும்னு கட்டாயமில்லை, அவனும் அழியாமல் நல்லா இருக்கணும்னு நினைத்தால் போதும்.

'போதும்' என்று எழுதிவிட்டேன். அது லேசுப்பட்ட காரியமா என்ன? எங்கள் ஆபீஸில் துப்புரவு வேலை பார்த்த அக்காவை எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டுகிற ஒரு மேலதிகாரி இருந்தார். நாலு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தோம். பயமாக இருந்தாலும் கை எழுதிவிட்டது. அவருக்கு மாற்றல் வந்த அன்னிக்கு உள்ளுக்குள்ளே கைதட்டாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவருக்காக ஜெபம் பண்ண இப்பவும் முயற்சி செய்கிறேன். பாதி நாள் வார்த்தை வருவதில்லை.