ஆப்பிள் பெட்டி மேஜை

அந்த மரத்தை எனக்கு யாரும் அறிமுகம் செய்து வைத்ததில்லை. ஆனால், பத்து வருஷம் அதன் மேல்தான் நோட்டை விரித்து வைத்துப் படித்திருக்கிறேன். இது எனக்குத் தெரிய வந்தபோது வயது 52!

போன அக்டோபரில், சண்டிகரில் வேலை பார்க்கும் மகள் என்னைச் சிம்லா பக்கம் அழைத்துப் போனாள். சிம்லாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் நார்கண்டா. கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரம். அங்கிருந்து ஹாட்டு சிகரத்துக்கு ஒரு குறுகலான ரோடு போகிறது. எதிரே வண்டி வந்தால் சாமியைக் கூப்பிட வேண்டியதுதான். பாதி வழியில், நான் பயந்துபோயிருப்பதைப் பார்த்து டிரைவர் காரை ஓரம் கட்டினார்.

இறங்கியதும் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. பதினைந்து மாடி உயரத்துக்கு மரங்கள். கிளைகளிலிருந்து சிறு கிளைகள் நேராகக் கீழே தொங்கின. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பெண்கள், கூந்தலை விரித்துப்போட்டு வெயிலில் நிற்பதுபோல இருந்தது.

“தேவதாரு எவ்வளவு அழகு!” என்றேன்.

டிரைவர் சிரித்தார். “தீதி, இது தேவதாரு இல்லை, ராய்” என்றார். அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

இங்கிலீஷில் ஸ்புரூஸ் என்று சொல்லும் குடும்பத்தின் இமயமலை உறுப்பினர் இந்த ராய். ஆப்கானிஸ்தானில் தொடங்கி, காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் வழியாக நேபாளம் வரை உயரமான மலைக்காடுகளில் வளர்கிறது. பக்கத்திலேயே அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி தோஷ் என்ற இன்னொரு மரம். இரண்டையும் பிரித்துப் பார்க்க டிரைவர் ஒரு சுலபமான வழி காட்டினார். ராய் மரத்தின் ஊசி இலை ஒன்றைப் பறித்து, என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டச் சொன்னார். உருண்டது. அதற்கு நான்கு பட்டை. தோஷ் இலை தட்டை, உருளாது. அப்புறம், ராயின் காய்கள் கீழ்நோக்கித் தொங்கும், முழுசாக விழும். தோஷின் காய்கள் கிளை மேல் மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே உதிர்ந்துவிடும்.

கீழே கிடந்த ஒரு ராய் காயை எடுத்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும். முகர்ந்து பார்த்தேன். பிசின் வாசனை. எங்கேயோ தெரிந்த வாசனை.

அப்போதுதான் அவர் சொன்னார். “முன்னாடியெல்லாம் ஆப்பிள் பெட்டி இந்த ரெண்டு மரத்துலதான் செய்வாங்க. எங்க அப்பா காலத்துல லாரி லாரியா போகும்.”

எனக்குச் சட்டென்று மண்ணடி வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா, கொத்தவால் சாவடியில் ஒரு பழ மண்டியில் கணக்கு எழுதினார். எங்களுடையது ஒண்டுக்குடித்தனம். நான் ஐந்தாவது படிக்கும்போது, நாலைந்து ஆப்பிள் பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைச் சேர்த்து அவரே எனக்கு ஒரு மேஜை அடித்துக் கொடுத்தார். அதன் பக்கவாட்டில் கறுப்பு மையில் ‘சிம்லா’ என்று இந்தியில் அச்சடித்திருந்தது. சரக்கு பார்ப்பதற்காக அப்பா இந்தி எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தார். நான் வாசித்த முதல் இந்தி வார்த்தை அதுதான்.

எட்டாவது படிக்கும்போது வீட்டுக்கு வந்த தோழி ஒருத்தி, அதைப் பார்த்துவிட்டு, “என்னடி, பழக்கடையில உக்காந்தா படிக்கிறே?” என்று சிரித்தாள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. “குப்பையில போடுற பெட்டியிலதான் எனக்கு மேஜையா?” என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் அந்த எழுத்தின் மேல் பிரவுன் ஷீட் ஒட்டியிருந்தது.

1996-ல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது, அப்பா அம்மாவும் அந்தப் பக்கம் வீடு மாறினார்கள். சாமான் ஒழிக்க நான் போயிருந்தேன். “இதை வெந்நீர் அடுப்புல போட்டுடலாம்பா” என்று சொன்னது நான்தான். அப்பா உட்கார்ந்து, ஆணிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

“இந்த மரம் என்ன வயசிருக்கும்?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“நூறு வருஷத்துக்கு மேல இருக்கும் தீதி.”

நூறு வருஷம் பனியில் நின்ற மரம், ஒரு சீசன் ஆப்பிளைச் சுமப்பதற்காக வெட்டப்பட்டிருக்கிறது! வெட்டிய இடத்தில் புதுக் கன்று வருவதும் லேசில்லை. உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரி கிடப்பதால், விதை முளைத்தாலும் வேர் மண்ணைத் தொடச் சிரமப்படும். தப்பி வருவதை ஆடு மாடு மேய்ந்துவிடும். 1980-களில் அட்டைப் பெட்டிகள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தக் காடுகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

என் மேஜை ராயா, தோஷா? இனி உருட்டிப் பார்க்க இலை இல்லை. ஆனால், இரண்டில் ஒன்றுதான்.

சென்னைக்கு வந்ததும் அம்மாவிடம் அந்தக் காயைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது 80 வயது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“குப்பைப் பெட்டின்னு அன்னிக்கு அவரைப் பேசினியே. மண்டியில சும்மாவா குடுத்தாங்க? பெட்டிக்கு இவ்வளவுன்னு அந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்.”

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆணி டப்பா அம்மாவின் பரணில் இன்னும் இருக்கிறது. துருப்பிடித்திருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ராய் காய் இப்போது அதன் மேல்தான் இருக்கிறது.