ஆறு ஷில்லிங்கும் அறுநூறு பவுண்டும்

போன வருஷம் காலேஜ் ஹாக்கி டீமை விட்டு விலகினேன். காயமும் இல்லை, கோச்சோட சண்டையும் இல்லை. மேட்ச் எல்லாம் சனிக்கிழமை. நான் பார்ட் டைமா கணக்கு எழுதப் போற கடைக்கும் சனிக்கிழமைதான் ஆள் வேணும். போகலைன்னா அன்னிக்குச் சம்பளம் கட். "விளையாட்டுல காசைப் பார்க்கக் கூடாதுடா"ன்னு ஒரு சீனியர் அட்வைஸ் பண்ணார். அவங்க வீட்டுல ரெண்டு கார்!

அந்த வசனம் ரொம்பப் பழசுன்னு பில்லி பேட்டனைப் பத்திப் படிச்சப்போதான் புரிஞ்சுது.

பேட்டன் 1889-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். இன்னிக்கு ரக்பி லீக்னு சொல்ற ஆட்டத்தோட ஆரம்பகால விங்கர், சென்டராவும் ஆடுவார். விங்கர்னா மைதானத்தோட ஓரத்துல நின்னு, பந்து கைக்கு வந்ததும் எதிரணிக் கோட்டைப் பார்த்துப் பறக்கிற ஆள். மடக்க வர்றவன் தலைக்கு மேலேயே தாவிப் போறதுதான் இவரோட ஸ்பெஷல்.

இவர் கதைக்கு முன்னாடி ஒரு சின்ன பிளாஷ்பேக். வட இங்கிலாந்துல ரக்பி ஆடினவங்கள்ல நிறையப் பேர் சுரங்கத்திலும் மில்லிலும் கூலி வேலை பார்த்தவங்க. சனிக்கிழமை ஆடப் போனா கூலி போச்சு. 'அந்தக் கூலியை மட்டுமாவது கொடுக்க அனுமதி கொடுங்க'ன்னு கேட்டப்போ, 1893-ல் லண்டன் கூட்டத்துல முடியாதுன்னுட்டாங்க. 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஊர்ல ஜார்ஜ் ஹோட்டல்ல இருபதுக்கும் மேற்பட்ட கிளப்கள் கூடி, தனியாப் பிரிஞ்சு வந்தாங்க. எவ்வளவு தொகைக்காக? ஒரு நாளைக்கு வெறும் 6 ஷில்லிங்!

பேட்டன் 1907-ல் ஹன்ஸ்லெட் கிளப்புல சேர்ந்தார். அந்த சீசன்லயே அந்த டீம் நாலு கோப்பையும் ஜெயிச்சுது. 1910-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன முதல் பிரிட்டிஷ் டீமிலும் இருந்தார். 1913-ல் ஹல் கிளப் இவரை 600 பவுண்டு கொடுத்து வாங்குச்சு. அது அப்போதைய ரெக்கார்டு. அது போக, ஒரு மேட்சுக்கு 14 பவுண்டு சம்பளம்.

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 600 பவுண்டுன்னா 12,000 ஷில்லிங். அதாவது அந்த 6 ஷில்லிங் நாள்கூலி மாதிரி 2,000 நாள்! கொடுக்கவே கூடாதுன்னு சொன்ன காசு, பதினெட்டே வருஷத்துல எங்க போய் நின்னுது பாருங்க.

போட்ட முதல் வீணாகலை. 1914-ல் ஹல் சேலஞ்ச் கப் ஜெயிச்சுது. 1920 சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ஸ்கோர் 3-2. ஹல் எடுத்த அந்த 3 புள்ளியும் பேட்டன் போட்ட ஒரே டிரைதான். அதே வருஷம் அவருக்காக நடத்தின நிதி ஆட்டத்துல ஆயிரம் பவுண்டுக்கு மேல சேர்ந்துது. 1988-ல் ரக்பி லீக் ஹால் ஆஃப் ஃபேம் ஆரம்பிச்சப்போ முதல் ஒன்பது பேர்ல இவரும் ஒருத்தர்.

ஆனா என் மனசுல நின்னது 600 பவுண்டு இல்லை, அந்த 6 ஷில்லிங்தான். அதுக்காக ஒரு கூட்டம் வெளியே வரலைன்னா, பேட்டன் மாதிரி ஒருத்தர் எந்த மைதானத்துல தாவியிருப்பார்?

எனக்கு யாரும் 600 பவுண்டு தர வேணாம். அந்தச் சனிக்கிழமைச் சம்பளம் கிடைச்சிருந்தா, இன்னும் ஆடிட்டுத்தான் இருந்திருப்பேன்.