தளர்ந்த நெம்புகோல்

அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கைக்கடிகாரத்தை எடுத்தபோது, அதன் பக்கவாட்டில் இருந்த சிறு நெம்புகோல் தானாகவே விழுந்து திறந்துகொண்டது. தள்ளி மூடினோம். கையைத் திருப்பியதும் மீண்டும் திறந்தது. அப்பா பேச்சின் நடுவே கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டே இருப்பார், சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பவர்போல. அதை அவருடைய பழக்கம் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தோம். பழுது என்று தோன்றவேயில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். 2006இல் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றபோது பரிசாக அதை வாங்கினோம். வாங்கிய இடம் கடற்கரை நிலையத்தின் எதிரே உள்ள பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1960களில் கடை போட்டுத் தொடங்கிய வரிசை அது. முகப்பில் ‘பனெராய்’ என்று எழுதியிருந்தது. டூப்ளிகேட் என்று தெரிந்துதான் வாங்கினோம். துபாயிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்தார் என்று சொல்லிக் கொடுத்தோம். அதுவரை அப்பா கட்டியிருந்தது சாவி கொடுக்கும் எச்எம்டி. புதியதும் சாவி கொடுப்பதுதான் என்று அறிந்ததும் அவருக்கு மகிழ்ச்சி. பேட்டரிக் கடிகாரத்தை அவர் கடிகாரமாகவே மதித்ததில்லை.

கொடுத்த கையோடு கதையும் சொன்னோம். கதை பொய்யன்று. பனெராய் ஃப்ளோரன்ஸ் நகரத்து நிறுவனம். இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்போருக்குக் கடிகாரங்கள் செய்து கொடுத்தது. தினமும் சாவி கொடுத்தாக வேண்டிய கடிகாரத்தில் சாவித்திருகு இருக்கும் இடமே பலவீனமான இடம். திருகத் திருக அங்குள்ள அடைப்புத் தேயும், நீர் புகும். அதனால் 1950களில் திருகின்மேல் பிறை வடிவில் ஓர் உலோகப் பாலம் அமைத்து, அதில் ஒரு நெம்புகோலையும் பொருத்தினார்கள். நெம்புகோலை மூடினால் திருகு கூட்டோடு சேர்ந்து அழுந்தும். சாவி கொடுக்கும்போது மட்டும் திறந்தால் போதும். (தொடக்ககாலப் பனெராய்களின் கூட்டையும் இயந்திரத்தையும் செய்து கொடுத்தது ரோலெக்ஸ். அசல் என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வருவதில்லை.) அப்பா கேட்டுவிட்டு, ‘கடலுக்குள் போகிறவன் கட்டுவது’ என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

2015 டிசம்பர் முதல் நாள் மழை தொடங்கி, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூர்ப் பக்கம் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. பழைய பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர். நாங்கள் இருவரும் அப்போது பெங்களூரில் இருந்தோம். அம்மாவை மாடி வீட்டில் விட்டுவிட்டு அப்பா கீழே இறங்கி, தையல் இயந்திரத்தையும் பத்திரங்கள் இருந்த பெட்டியையும் மேலேற்றியிருக்கிறார். நீரில் இறங்குமுன் நெம்புகோலை அழுத்தி மூடிக்கொண்டாராம். மறுநாள் கண்ணாடியின் உட்புறம் பனிமூட்டம் பிடித்து, முட்கள் நின்றிருந்தன.

ஒரு வாரம் கழித்து நாங்கள் வந்து சேர்ந்தபோது, ‘நான்தான் சரியாக மூடாமல் விட்டிருக்கிறேன்’ என்றார். அந்த நெம்புகோல் எதையும் தடுக்காது, வடிவத்துக்காக வைத்தது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், சொல்லவில்லை. பொங்கல் கழிந்து தொலைபேசியில் அழைத்து, அரிசிப் பானையில் போட்டு வைத்ததில் ஈரம் இறங்கி, கடிகாரம் மறுபடி ஓடுகிறது என்றார். எங்களுக்கும் பாரம் இறங்கியது.

அப்பா 2022இல் காலமானார். சென்ற மாதம்தான் நெம்புகோலைச் சரிசெய்யக் கிளம்பினோம். கிளாம்பாக்கம் நிலையம் 2023 இறுதியில் திறந்தபின், தென்மாவட்டப் பேருந்துக்கு நிற்கும் பழைய கூட்டம் பெருங்களத்தூர்ச் சாலையில் இல்லை. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மாடிப்படியின் அடியில் கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் கடிகாரம் பழுதுபார்க்கிறார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பாலத்தின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். நெம்புகோலின் ஆணி தேய்ந்திருக்கும் என்பது எங்கள் ஊகம்.

“ஆணி நல்லா இருக்கு தம்பி. சாவிக்குள்ள இருக்கிற ரப்பர் வாஷர் நசுங்கிக் கல்லாயிடுச்சு. அது எதிர்த்துத் தள்ளினாத்தான் லீவர் நிக்கும். தள்ள ஆளில்ல, விழுது.”

அளவு பொருந்தும் வாஷரைத் தேடி நாலைந்து டப்பாக்களைக் கவிழ்த்தார். ஒன்று கிடைத்ததும் சாமணத்தால் எடுத்து உட்கார வைத்தார். பிறகு, கேளாமலே, பின்மூடியையும் திறந்தார். உள்ளே சுவிட்சர்லாந்தின் யூனிடாஸ் இயந்திரத்தைப் பார்த்துச் சீனாவில் செய்த நகல். நீலம் பூசிய திருகாணிகள். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகளும், பக்கத்தில் 1-16 என்ற எண்ணும் தெரிந்தன.

“திறந்து வேலை செஞ்சவன் போட்ட குறி. 2016 ஜனவரி. எங்க தொழில்ல எல்லாரும் இப்படிப் போட்டு வைப்போம். துருவெல்லாம் எடுத்து, முழுசாக் கழுவிப் பூட்டியிருக்கான், நல்ல கை.”

டூப்ளிகேட் என்று அவர் சொல்லியிருப்பாரா என்று கேட்டோம்.

“சொல்லாம எப்படி? அசல்னு நெனச்சு நாளைக்கு எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாதில்ல.”

அதன்பின் ஆறு ஆண்டுகள் அப்பா அதைக் கட்டியிருந்தார். எங்கள் நண்பர்கள் வரும்போதெல்லாம் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, கடற்படைக் கதையை எங்களைவிட நன்றாகச் சொன்னார். நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம்.

பெரியவர் பழைய குறியின் கீழே தம் குறியையும் கீறி மூடினார். நெம்புகோல் ‘டக்’கென்று உட்கார்ந்தது, உதறிப் பார்த்தும் அசையவில்லை. நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, என்ன வாஷர் போட்டாலும் தண்ணீர்ப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கடிகாரத்தை அப்பா எத்தனை நாள் அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தார் என்று கேட்டோம்.

“எந்த அரிசிப் பானைடா?” என்றாள். “அந்த வெள்ளத்துல அது போனதுதான். பொங்கலுக்கே மாடி வீட்டுல இரவல் வாங்கினேன்.”