ஐம்பத்தாறாம் வயதில் ஒரு மாணாக்கர்

ஒரு பொருளின் பெயரை அறிதல் வேறு. அப்பொருளை அறிதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதைக் கலைப்பீட மாணவியாகிய நான் விரிவுரை மண்டபத்திலே கற்கவில்லை. எங்கள் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலிலே, இரும்பை உருக்கி ஒட்டப் பழகிய என் தந்தையாரிடமே கற்றேன்.

என் தந்தையார் யாழ்ப்பாண நகரத்து இரும்புக்கடையொன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். அங்கிள் இரும்பு, பட்டை இரும்பு, இரும்புக் குழாய், ஆணி, பிணைச்சல் எதுவாயினும் அதன் அளவையும் விலையையும் பேரேட்டைப் பாராமலே சொல்லுவார். நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டிலே இரும்பின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. கட்டி முடியாத வீடுகள் அப்படியே நின்றன. கடையில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த தொகையை வங்கியிலே நிலையான வைப்பில் இட்டு, மாதந்தோறும் வரும் வட்டியிலே என் பல்கலைக்கழகச் செலவைப் பார்ப்பதென்று தாயார் திட்டமிட்டிருந்தார். அந்தத் தொகையில் பத்திலொரு பங்கைத் தமக்கு விடும்படி தந்தையார் கேட்டார். வெல்டிங் பழகி, ஒரு மெசின் வாங்கப் போவதாகச் சொன்னார். வீட்டிலே பெரும் மௌனம் நிலவியது. பின்னர் உறவினர் ஒருவர் வந்து, "எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ இது?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொழிலைப் பிறப்போடு முடிந்து வைத்த சமூகத்தின் குரல் அது. அக்குரலை நான் வெறுத்தேன். எனினும் என் கேள்வியும் அதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. "இந்த வயதிலை ஏனப்பா?" என்று நானும் கேட்டேன்.

"பிள்ளை, முப்பது வருசம் இந்தக் குச்சியைக் கட்டுக் கட்டா வித்தனான். ஒண்டைக்கூட எரிச்சுப் பாக்கேல்லை" என்றார்.

அவருக்குக் கற்பிக்க முன்வந்தவர், கடைக்கு இரும்பு வாங்க வந்துபோன ஒரு பட்டறைக்காரர். வயது முப்பத்துநான்கு. கடை மேசைக்கு முன்னால் நின்று, "ஐயா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்று கேட்டவரிடம் இப்போது ஐயாவே மாணாக்கராகச் சென்றார். மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் புறப்படுவார். அங்கு பழகும் பையன்களில் ஒருவனுக்கு வயது பதினெட்டு. அவன் ஒரு வாரத்திலே இழுத்த நேர்வரியைத் தந்தையார் இழுக்க ஒன்றரை மாதம் சென்றது.

நான் விடுமுறையில் வந்தபோது ஒருநாள் அவருடன் சென்று பார்த்தேன். முதலில் தீக்குச்சியை உரசுவதுபோல இரும்பிலே குச்சியை உரச வேண்டும். பொறி எழுந்ததும் குச்சியின் முனையை அதன் கனத்தளவு தூரத்திலே நிறுத்த வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் எரியும் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் பாகை. இரும்பு உருகுவதற்கோ 1538 பாகை செல்சியஸ் போதும். குச்சியின் மேற்பூச்சு எரிந்து, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் புகையாகவும் கசடாகவும் மாறுகிறது. பூச்சுள்ள குச்சியைச் சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் கெல்பேர்க் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே உருவாக்கினார் என்பதை நான் பின்னர் படித்து அறிந்தேன்.

சொல்வதற்கு எளிதான இவ்வேலை தந்தையாரின் கைக்கு எளிதாயிருக்கவில்லை. கை நடுங்கியது. முனை இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கினார், மறுபடியும் ஒட்டிக்கொண்டது. "ஐயா, அவசரப்படாதேங்கோ. குச்சி கரையக் கரையக் கையைத் தாழ்த்துங்கோ. மோர்மிளகாய் பொரியிற சத்தம் வரவேணும்" என்றார் பட்டறைக்காரர். தந்தையார் தலையசைத்தார். கணக்கிலே பிழைவிட்ட இளைஞர்களை இவர் கண்டிப்பதைச் சிறுவயதில் கடையிலே பார்த்திருக்கிறேன். அதே மனிதர் பிறர் பார்க்கப் பிழைவிட்டுக்கொண்டு, கூச்சமின்றி நின்றார்.

கூச்சப்பட்டவள் நான்தான். அவ்வாண்டு எங்களுக்குப் புறநானூறு பாடமாயிருந்தது. ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையை எடுத்துரைக்கும் பொன்முடியாரின் பாட்டிலே கொல்லனுக்கும் ஓர் இடம் உண்டு. அதைப்பற்றி நான் எழுதிய விடைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அதே கிழமையில் நிரப்பிய உதவிப்பணப் படிவத்திலே, தந்தையின் தொழில் என்ற கூட்டுக்குள் "ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்" என்று எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டுக் கையொப்பம் இட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதத்திலே ஓர் இரவு, கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல இருக்கிறதென்று எழுந்து உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்தது, இமை திறக்க முடியவில்லை. பகலிலே முகமூடியைத் தாழ்த்துமுன் பலமுறை பொறியை எழுப்பியிருக்கிறார். மின்வில்லின் புற ஊதாக் கதிர் விழியின் மேற்படையைச் சுட்டுவிடும். நோவு தெரிவதோ சில மணி நேரம் கழிந்த பின்னரே. கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். மருந்துத் துளி போட்டு, இரண்டு நாள் வெளிச்சம் படாமல் இருந்ததும் குணமாயிற்று. அந்த இரண்டு நாளும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். "இனிப் போகவேண்டாம்" என்றேன். கண்ணை மூடியபடியே, "முகமூடியை முதலிலை போட மறந்தது என்ரை பிழை. வேலையின்ரை பிழையில்லை" என்றார்.

மெசின் தெரிவுசெய்யும் காலம் வந்தது. மூடப்பட்ட பட்டறையொன்றிலிருந்து ஒரு பழைய ரான்ஸ்போமர் மெசின் விலைக்கு வந்தது. இரண்டு பேர் சேர்ந்தே தூக்கலாம். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று. நிறுத்து விற்றுப் பழகிய தந்தையாருக்கு அதன் பாரமே பெரும் நம்பிக்கையைத் தந்தது. கடையிலிருந்த புதிய இன்வேட்டர் மெசினோ ஒற்றைக் கையால் தூக்கத்தக்கது. "காசுக்குப் பாரமில்லை" என்று அதை ஒதுக்கினார். அதன்மீது 200 அம்பியர் என்று எழுதியிருந்ததும் அவரை அச்சுறுத்தியது. எங்கள் வீட்டு மின்னிணைப்பு 30 அம்பியரே.

பட்டறைக்காரர் சிரிக்காமல் விளக்கினார். இரண்டும் வெவ்வேறு கணக்கு. சுவரிலிருந்து 230 வோல்ற் அழுத்தத்திலே சிறிதளவு மின்னோட்டம் உள்ளே போகிறது. இருபத்தைந்து வோல்ற் அளவிலான அழுத்தத்திலே பெரிய மின்னோட்டம் வெளியே வருகிறது. இரண்டரை மில்லிமீற்றர்க் குச்சிக்கு எண்பது அம்பியர் அளவு போதும். அதை வீட்டு இணைப்பு தாங்கும். பழைய ரான்ஸ்போமர் எளிதில் பழுதாகாது, ஆனால் அதிக மின்சாரத்தை இழுக்கும், வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவும் இயலாது. இன்வேட்டர் இலேசானது, சிக்கனமானது. ஆயினும் தூசியும் கடற்காற்றும் அதன் மின்சுற்றுப் பலகைக்குப் பகை. ஆகவே பழுதுபார்க்கவும் உதிரிப்பாகம் தரவும் ஆளுள்ள கடையிலே வாங்கவேண்டும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் இடைவிடாது ஒட்டலாம் என்பதைத் தகட்டிலே வாசிக்கவேண்டும். அறுபது வீதம் என்றால் ஆறு நிமிட வேலை, நான்கு நிமிட ஓய்வு.

"மெசினிலை மிச்சம் பிடிச்சாலும் பரவாயில்லை, ஐயா. முதலிலை கண்ணுக்கு வாங்குங்கோ, பிறகு கைக்கு வாங்குங்கோ" என்று அவர் முடித்தார். அவ்வாறே நல்ல முகமூடியும் தோற் கையுறையும் முதலில் வாங்கப்பட்டன. பின்னர் நடுத்தர விலையில் ஓர் இன்வேட்டர், ஒரு கிறைண்டர், இரண்டு கட்டுக் குச்சி. பத்திலொரு பங்கு அத்துடன் முடிந்தது.

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையோரத்தில் உள்ளது. உப்புக்காற்று கேற்றுகளையும் யன்னற் கம்பிகளையும் ஓயாது தின்னும் ஊரில் வெல்டிங் வேலைக்குப் பஞ்சமில்லை. முதல் வேலையாக வாசிகசாலைக் கேற்றின் பிணைச்சல் வந்தது. தந்தையார் ஒட்டிய வரி அழகாக இருந்தது. பத்தாம் நாள் அது கழன்று விழுந்தது. ஊரிலே சிலர் சிரித்தார்கள். அவர் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மறுபடியும் போனார். நானும் கூடவே சென்றேன்.

கழன்ற துண்டைத் திருப்பி எனக்குக் காட்டினார். மேலே மினுமினுத்த வரியின் அடியிலே பழைய பெயின்றும் துருவும் அப்படியே இருந்தன. இரும்பு ஓட்டையாகிவிடுமோ என்று அஞ்சி மின்னோட்டத்தைக் குறைத்து வைத்ததால், குச்சி உருகியதேயன்றி அடியிலிருந்த இரும்பு உருகவில்லை. "இது ஒட்டு இல்லை, பிள்ளை. மேலை பூசினது. ரண்டு பக்கமும் உருகினால்தான் ஒட்டு" என்றார். பிறகு இரும்பு வெள்ளையாகும்வரை கிறைண்டரால் தீட்டி, மின்னோட்டத்தைச் சற்றே கூட்டி, மீண்டும் ஒட்டினார். கூலி வாங்கவில்லை. அந்தக் கேற் இன்றும் அசையாமல் நிற்கிறது.

அன்றிரவு என் பேரேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். உழைப்பு, கைவினை, சமூகம் எனப் பரீட்சைகளில் நான் எழுதிய சொற்களெல்லாம் மேலே பூசியவையாகவே தோன்றின. அச்சொற்களின் அடியிலே என் கூச்சம் தீட்டப்படாத துருவாக இருந்தது. கொல்லனைப் பாட்டிலே மதித்தவள் படிவத்திலே மறைத்தேன். தந்தையார் தம் பிழையைத் திருப்பி எனக்குக் காட்டியதுபோல, என் பிழையை நான் எவருக்கும் காட்டியதில்லை. இக்கட்டுரை அதற்கான முதல் முயற்சி.

சென்ற விடுமுறையிலே முகமூடியை அணிந்து நானும் குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. பதினைந்து முறையாவது ஒட்டியிருக்கும். அவர் திட்டவில்லை, மோர்மிளகாயைப் பற்றி எனக்குச் சொன்னார்.

இவ்வாண்டு மற்றொரு படிவம் நிரப்பவேண்டி வந்தது. அவர் முன்னாலேயே இருந்து, தந்தையின் தொழில் என்ற கூட்டுக்குள் "வெல்டிங் வேலையாளர்" என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார்.

"இடமிருந்தால், இன்னும் பழகிறார் எண்டும் எழுது" என்றார்.