உயிர்க் காலேஜ், செத்த காலேஜ், இன்னொரு காலேஜ்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். மகனுக்குக் கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் இருவரும் பாலித் தீவுக்குப் போயிருக்கிறார்களாம். "சார், நீங்களும் அம்மாவும் கல்யாணம் ஆனதும் எங்க போனீங்க?" என்று கேட்டாள். மெட்ராஸ் என்றேன். "மெட்ராஸா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், தடையில்லை.

1981, வைகாசி. மயிலம் முருகன் கோவிலில் திருமணம். எங்கள் பொம்மையார்பாளையத்துக்காரர்களுக்கு மயிலம் அடுத்த வீடு மாதிரி. அந்தக் கோவில் எங்கள் ஊர் பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பெண் மரக்காணம். மாமனார் உப்பளத்துக்காரர். வைகாசி என்றால் உப்பு நன்றாக விளைகிற நேரம். தாலி கட்டி முடித்த மறுநாளே மனிதர் பாத்தியில் நின்றார். மழை வந்தால் எல்லாம் கரைந்துபோகும் தொழில், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடுவதாக மாமனார் நிச்சயத்தின்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தார். கல்யாணத்தில் போடவில்லை. மெட்ராஸில் உப்பு வாங்கும் ஒரு மொத்த வியாபாரி 412 ரூபாய் பாக்கி வைத்திருந்ததுதான் காரணம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் தாயார் இருக்கிறாரே, அவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மணி என்னப்பா ஆவுது?" என்று கேட்பார். நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கேட்பார். புதுப்பெண்ணுக்கு அது புரியாமல் இருக்குமா?

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. மெட்ராஸ் போய் வருகிறோம் என்றதும் மாமனார் ஒரு கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "ஊரைச் சுத்திப் பாருங்க மாப்பிள்ளை. அப்படியே கொத்தவால்சாவடிப் பக்கம் இவரையும் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க. வந்தா உங்க செலவுக்கு ஆச்சு." தேனிலவுக்குப் போகிறவன் கையில் வசூல் சீட்டு! தென்னாற்காடு மாவட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் இது வாய்த்திருக்கும்.

இப்போது இருக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது கிடையாது. பாண்டி போய், திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் பாரிமுனை. காலையில் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் இறங்குவோம். தங்கியது பெரம்பூரில் சித்தப்பா வீட்டில். அவருக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. ஒரே அறை, ஒரு தாழ்வாரம், ஏழு பேர். நாங்கள் போனதும் ஒன்பது. இரவில் ஆண்கள் மொட்டை மாடி, பெண்கள் உள்ளே. தேனிலவு மூன்று நாளும் நான் சித்தப்பாவின் குறட்டையோடுதான் கழித்தேன். அந்தச் சிரித்த மாணவி இதையும் படிக்கட்டும்.

மெட்ராஸுக்கு வரும் கிராமத்துச் சனங்கள் அன்று முதலில் பார்ப்பது இரண்டு காலேஜ். உயிர்க் காலேஜ், செத்த காலேஜ். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். உயிர்க் காலேஜ் என்றால் மிருகக்காட்சிசாலை. அது 1985-ல் வண்டலூருக்குப் போவதற்கு முன்பு சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே, மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம், 1851-ல் தொடங்கியது. யார் வைத்த பேரோ, சரியான பேர்.

முதல் நாள் இரண்டையும் பார்த்தோம். செத்த காலேஜில் திமிங்கில எலும்புக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார் என்பதை மறந்து வரலாறு நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெளியே வந்து சொன்னாள்: "எஸ்.எஸ்.எல்.சி.யோட நிறுத்திட்டாங்கன்னு அழுதேன். ஒரே நாள்ல ரெண்டு காலேஜ் முடிச்சிட்டேன் பாருங்க."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். 1976-ல் அவள் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் என்பதும், அதற்குப் பிறகு நாலு வருடம் அம்மாவோடு பாத்திக்கு உப்பு வாரப் போனாள் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை கொத்தவால்சாவடி. அப்போது மெட்ராஸுக்கே காய்கறிச் சந்தை அதுதான். கோயம்பேடு வந்தது 1996-ல். சேறு, கைவண்டி, தலைச்சுமை, கூச்சல். ஒரு சந்துக்குள் அந்த வியாபாரியின் கடை. நல்ல மனிதர் போலத்தான் பேசினார். எங்களுக்குக் கலர் வாங்கிவரச் சொன்னார், ஆளுக்கு ஒன்று. கடிதத்தைப் படித்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

"அந்த லோடு வழியில மழையில நனைஞ்சு பாதி கரைஞ்சிடுச்சு தம்பி. நஷ்டம் எனக்குத்தான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உப்பு நீரில் கரையும், ஏழாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. அவள் கலர் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"எந்த மாசம் அனுப்பின லோடுங்க?"

"பங்குனிம்மா."

"தைக்கு அப்புறம் எங்க பக்கம் ஒரு சொட்டு விழலீங்க. விழுந்திருந்தா லாரிக்கு முன்னால எங்க பாத்தி போயிருக்கும். திண்டிவனத்துல பேஞ்சுதுங்களா, செங்கல்பட்டுலயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் கலரைப் பார்த்தேன். அவள் எழுந்து போய், மூலையில் இருந்த மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "இது எங்க அப்பா உப்புதான். நனைஞ்சு காஞ்ச உப்பு இப்படி உதிராது, கட்டி தட்டிடும்." சத்தமே உயரவில்லை. கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

வியாபாரி சிரித்துவிட்டார். பெட்டியைத் திறந்து 250 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். மீதி 162 அடுத்த லோடில் என்று கடிதத்தின் பின்பக்கமே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதித் தரச் சொன்னதும் அவள்தான்.

பல்லவன் பஸ்ஸில் மவுண்ட் ரோடு வழியாகப் போனோம். ஜன்னலில் எல்.ஐ.சி. கட்டிடம் வந்ததும் விரலை மடக்கி மாடிகளை எண்ணினாள். பதினாலு. 1959-ல் கட்டிய அந்தக் கட்டிடத்தை எண்ணாமல் ஊர் திரும்பியவர் அன்று யாரும் இல்லை.

மெரினா. கடற்கரையில் பிறந்த எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? "கடலைப் பார்க்கவா இத்தனை சனம்?" என்றாள். "இவங்களை ஒருநாள் நம்ம குப்பத்துல கொண்டுவந்து விடணும்." ஆனால் கலங்கரை விளக்கம் அவளுக்குப் பிடித்தது. 1977-ல் திறந்தது, லிப்ட் உண்டு. முதல் லிப்ட் பயணம், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். (இதைத் தட்டச்சு செய்யும்போது எட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தது நான்தான் என்கிறாள். வாசகர்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளவும்.) மேலே போய்த் தெற்கே பார்த்து, "மரக்காணம் தெரியுமா?" என்றாள். நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றேன். இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இறங்கிச் சாலையோரமாக நடந்தோம். இராணி மேரி கல்லூரி வாசல் வந்தது. சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி, 1914-ல் தொடங்கியது. விடுமுறை நாள். ஆனாலும் ஏதோ விண்ணப்பம் வாங்கப் பெண்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், கையில் உறை, கூடவே அப்பா. அவள் கேட்டுக்கு எதிரே நின்றுவிட்டாள். நான் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தேன், நின்றாள். தின்று முடித்தேன், நின்றாள். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவளே, "நாளைக்கு உங்களுக்கு வாட்ச் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இரவு மொட்டை மாடியில் தூக்கமில்லை. குறட்டை ஒரு காரணம்.

காலையில் சொன்னேன்: வாட்ச் வேண்டாம், அந்தப் பணத்துக்கு ப்ளஸ் டூ புத்தகம் வாங்கு, தனித்தேர்வு எழுது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அப்பா சொன்ன சொல்லு அத்தை வாயில நிக்குது. அது இறங்காம நான் புத்தகத்தைத் தொடமாட்டேன்." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் யாருக்குத் தலைகுனிவு என்று எனக்கும் தெரியும்.

தீர்த்து வைத்தது மூர் மார்க்கெட்தான். 1985-ல் எரிந்துபோனது, அந்த இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அங்கே கிடைக்காத பழைய பொருள் இல்லை, ஏமாறாத ஆளும் இல்லை. பழைய எச்.எம்.டி. வாட்ச் ஒன்றைக் கடைக்காரன் 180 சொன்னான். அவள் காதில் வைத்துக் கேட்டாள், குலுக்கினாள், வேண்டாம் என்று பத்தடி நடந்தாள். 95-க்கு முடிந்தது. பட்டை மட்டும் புதிது. பழைய புத்தக வரிசையில் ப்ளஸ் டூ தமிழ், வரலாறு, பொருளியல், ஒரு ஆங்கில அகராதி: 38 ரூபாய். சித்தப்பா பிள்ளைகளுக்குப் பண்டம், வழிச்செலவு போக நூறு ரூபாயைத் தேர்வுக் கட்டணத்துக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஊருக்கு வந்ததும் என் தாயார் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சம்பந்தி வாக்குத் தவறல" என்று தெரு முழுக்கச் சொன்னார். அது பழைய வாட்ச் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அத்தைமார்களே, இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மாணவர்களே, நாலாவது பீரியடில் மணி எப்போது அடிக்கும் என்று நீங்கள் எட்டி எட்டிப் பார்த்தீர்களே, அதே வாட்ச்தான்.

1983-ல் ப்ளஸ் டூ தேறினாள். இரண்டு குழந்தைகள் பிறந்து, நடுவில் இரண்டு வருடம் நின்றுபோய், அண்ணாமலைப் பல்கலைக்கழக அஞ்சல்வழியில் 1988-ல் பி.ஏ. தமிழ். வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலையில் உட்கார்ந்து அவளிடம் தமிழ் படித்தவர்கள் இந்தப் பதிவைப் பிழையில்லாமல் படிக்க முடியும். என்னிடம் மட்டும் படித்தவர்களுக்கு உத்தரவாதம் இல்லை. 2003-ல் இராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்து மாணவிகள் போராடியபோது, எங்கள் வீட்டில் டி.வி.யை அணைக்க விடவில்லை.

அந்த 162 ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆடியில் மாமனார் அடுத்த லோடு அனுப்பியபோது வந்தது. 160-தான் வந்தது. இரண்டு ரூபாய் எதற்குப் பிடித்தீர்கள் என்று மாமனார் கேட்டதற்கு, "உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் குடிச்ச கலருக்கு" என்றாராம்.